கணக்கு டீச்சரின் முதுகு

கத்தரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. தன் படத்தைத் தானே வெட்டி ஒட்டுகிறவள் என்பதால் நாங்கள்தான் வைத்தோம் என்று திரைப்படச் சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். அவள் அக்கா இதைக் கேட்டுச் சிரிப்பாள். எட்டு வயதில் பள்ளிக்கூட போட்டோவிலிருந்து தனக்குப் பிடிக்காத மூன்று பேரை வெட்டி எடுத்தாளாம். பெயர் அன்றைக்கே வந்துவிட்டது.

இப்போது வயது அறுபத்து நான்கு. ஏழு படம் எடுத்திருக்கிறாள். எல்லாம் பெண்களைப் பற்றி. அதில் நான்கு, பெண்ணை நேசித்த பெண்களைப் பற்றி. எதுவும் தியேட்டருக்குப் போனதில்லை. தொழிற்சங்க அறை, பெண்கள் விடுதி, கல்லூரிக் கூடம், ஒரு தடவை ஒரு மருத்துவமனையில் துணி துவைக்கும் இடம். புரொஜெக்டரைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போவாள். இது என்ன என்று கண்டக்டர் கேட்டால் தையல் மிஷின் என்பாள். திரைக்குப் படுக்கை விரிப்பு. ஒரு ஊரில் நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். இன்னொரு ஊரிலிருந்து ஒரு கார்டு வந்தது. பெயர் இல்லை. 'அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுவீர்களா? அன்றைக்கு என் கூட்டாளியால் வர முடியவில்லை.' புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போனாள். கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கார்டு எழுதியது யார் என்று கேட்கவில்லை.

போன மாதம் எல்லாச் சுருள்களையும் பெட்டியில் போட்டுத் திரைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாள். அவர்கள் முதல் படத்தைச் சுத்தம் செய்து, பெரிய கூடத்தில் போடப்போகிறார்கள். அந்த வேலையைப் பார்க்கிற பெண் செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தாள்.

"அம்மா, உங்க பெட்டியில ஒரு டப்பா இருக்கு. பட்டியல்ல இல்லை."

"என்ன டப்பா?"

"பிஸ்கட் டப்பா. உள்ள துண்டு துண்டா பிலிம். முப்பத்தொரு துண்டு. எல்லாத்துலயும் ஒரே முகம்."

கத்தரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இது முதல் படத்துல வெட்டினதுதானே? படத்துல வர்ற பொண்ணோட முகத்தைக் காட்டவே இல்லைன்னுதான் நாங்க படிச்சோம். பரீட்சையில வந்தது. பத்து மார்க் கேள்வி."

"எவ்வளவு வாங்கினே?"

"எட்டு."

"ரெண்டு மார்க் குறைச்சவர் விஷயம் தெரிஞ்சவரா இருக்கணும்."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "படத்துல எந்தெந்த இடத்துல வெட்டினீங்கன்னு ஒட்டு காட்டிக் குடுக்குது. எல்லாத்தையும் திரும்பச் சேர்த்துடலாம். நீங்க எடுத்த மாதிரியே போடலாம். நீங்க சரின்னா போதும்."

"நான் சரின்னா போதாது" என்றாள் கத்தரி. "டப்பாவை எடுத்து வை. வந்து வாங்கிக்கறேன்."

அந்தப் படம் எடுத்தபோது அவளுக்கு இருபத்தெட்டு. ஒரு தட்டச்சுப் பள்ளிக்கு மேலே ஒரே அறை. கூட இருந்தவள் பெண்கள் பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவளைக் கணக்கு என்பார்கள். கத்தரியும் அப்படியே கூப்பிட்டாள். வீட்டுக்காரம்மாவிடம் பெரியம்மா மகள் என்று சொல்லியிருந்தார்கள். சில மாதம் கழித்து மறந்துபோய், சித்தி மகள் என்றார்கள். வீட்டுக்காரம்மா இரண்டையும் நம்பினாள், அல்லது இரண்டையும் நம்பவில்லை.

கேமரா இரவல். பேட்டரி கிடையாது, கடிகாரம் மாதிரி சாவி கொடுக்க வேண்டும். ஒரு சாவிக்கு இருபத்தெட்டு நொடி ஓடும், நின்றுவிடும். அதனால் படத்தில் எந்தக் காட்சியும் இருபத்தெட்டு நொடியைத் தாண்டாது. பிற்காலத்தில் ஒரு விமர்சகர் அதைப் பெண்ணின் மூச்சுக்காலம் என்று எழுதினார். அது ஸ்பிரிங்கின் காலம். கத்தரி அவரைத் திருத்தவில்லை.

கதை சின்னது. தையல் கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருத்திதான் படத்தில் வருவாள். இன்னொருத்தி வரவே மாட்டாள், கேமராதான் அவள். வருகிறவளாகக் கணக்கு நடித்தாள். காலையில் பல் தேய்ப்பாள், ஊசியில் நூல் கோப்பாள், அளவுகளைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாள், திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். ஒலியைத் தனியாக டேப்பில் பிடித்தார்கள். எந்த நேரத்தில் பிடித்தாலும் கீழே இருபது தட்டச்சு மிஷின் அடித்துக்கொண்டிருந்தது. சரி, தையல் மிஷின் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். யாருமே கண்டுபிடிக்கவில்லை.

மதியத்தில் வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழும். அது நகர நகர அவர்களும் நகர்ந்து எடுத்தார்கள். எத்தனை அடி பிலிம் மிச்சம், எத்தனை நொடி வரும் என்று கணக்கு மனசுக்குள்ளேயே பெருக்கிச் சொல்வாள். வாயைத் திறந்தால் எண், மூடினால் சிரிப்பு. கத்தரியின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நல்ல வெளிச்சமும் நல்ல கேமராவும் கிடைத்தன. அந்தப் பாய் அளவு வெயில் கிடைக்கவில்லை.

படம் இருபத்தாறு நிமிடம் வந்தது. முதல் திரையிடலுக்குப் பத்து நாள் இருக்கும்போது பள்ளியில் கணக்கைக் கூப்பிட்டு, வேலை நிரந்தரமாகப் போகிறது, நடத்தை பற்றி விசாரிப்பார்கள் என்றார்கள். அன்று சாயங்காலம் அவள் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என் முகம் அதுல இருக்கக் கூடாது" என்றாள்.

நெகடிவ் கிடையாது. அது கேமராவில் ஓடிய சுருளையே கழுவித் திரையில் போடுகிற வகை. இருந்தது அந்த ஒன்றுதான். பரீட்சை விடுமுறை. ஒன்பது நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து வெட்டினார்கள். கணக்கு ஜன்னலுக்கு நேரே பிலிமைப் பிடித்துப் பார்த்து, "இதுலயும் தெரியுது" என்பாள். கத்தரி வெட்டுவாள். முப்பத்தொரு இடம். படம் இருபத்திரண்டு நிமிடமானது. துண்டுகளை எரித்துவிட்டேன் என்று கத்தரி சொன்னாள். எரிக்கவில்லை.

திரையிட்ட அன்று பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, ஏன் அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டவே இல்லை என்று கேட்டார். கூடத்தின் கடைசியில் கணக்கு முக்காடு மாதிரி துணியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்ல முடியாது. கத்தரி வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அவ முகத்தை உங்க கண்ணுக்குத் தர எனக்கு இஷ்டமில்லை."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அந்த வாக்கியம் அவளைவிட அதிக ஊர் போயிற்று. கட்டுரைகளில் வந்தது. ஒரு கல்லூரியில் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். முப்பத்தாறு வருடம் எந்தப் பேட்டியிலும் அவள் அதை மாற்றவில்லை. சொல்லிச் சொல்லி, சில நாள் அவளே நம்பினாள்.

கணக்கு இரண்டு வருடம் கழித்து வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாள். பிரிந்தது இந்த நாள் என்று சொல்ல முடியாது. வாரம் ஒரு கடிதம், மாதம் ஒரு கடிதம், புது வருடத்துக்கு ஒரு கார்டு. தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள் என்று கத்தரி தன் அக்கா மூலம் கேள்விப்பட்டாள்.

டப்பாவை வாங்கிக்கொண்டு கத்தரி ரயில் ஏறினாள். நான்கு மணி நேரம். அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. தான் எடுத்த படத்தை எடுத்தபடி ஒரு தடவை திரையில் பார்க்க வேண்டும். அந்த முகம் பத்தடி உயரத்தில் திரும்பிச் சிரிக்க வேண்டும். அதற்குக் கணக்கு சரி என்று சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்த கணக்கு, இவள் கடைக்குப் போய்த் திரும்பியவள் போல, "வா" என்றாள். தலை முழுக்க நரை. கண்ணாடி. "செருப்பை உள்ள விடு. நாய் தூக்கிட்டுப் போயிடும்."

"உன் நாயா?"

"தெரு நாய். என் செருப்பைத் தொடாது. பயம்."

முன்னறையில் ஒரு கரும்பலகை, நான்கு பெஞ்சு. ஐந்து மணிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள் என்றாள். மணி நான்கு. டீ போட்டுக் கொடுத்தாள். முழங்கால், ரத்த அழுத்தம், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கொஞ்சம் பேசினார்கள். கத்தரி டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என்னது?"

"நீ."

கணக்கு அதைத் தொடவில்லை. "எரிச்சுட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"அந்த மாதிரி பிலிம் லேசுல எரியாது, உருகும், நாறும்னு நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்தே. ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருந்தோம். நாத்தமே வரலை. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டா எரிச்சிருப்பே."

கத்தரி டீயைக் குடித்தாள். ஆறியிருந்தது.

"திரும்பச் சேர்க்கணும்னு ஆசைப்படறேன்" என்றாள். "அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"ஒரு ஒட்டுக்கு ஒரு பிரேம் போகுமே. ஒரு துண்டுக்கு ரெண்டு ஒட்டு. அறுபத்திரண்டு பிரேம். ரெண்டரை நொடிக்கு மேல காலி."

"இப்ப கம்ப்யூட்டர்ல ஒட்டறாங்க. ஒண்ணும் போகாது."

"ஒண்ணுமே போகாதா?" கணக்குக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"நீ ரிடையர் ஆயாச்சு. இனிமே உன்னை யார் என்ன பண்ண முடியும்? யாருக்கும் தெரியாம முப்பத்தாறு வருஷம் ஓட்டியாச்சு. போதாதா?"

"யாருக்கும் தெரியாதுன்னு யார் சொன்னா?"

கத்தரி நிமிர்ந்தாள்.

"இந்த ஊருக்கு வந்து அஞ்சாவது வருஷம்" என்றாள் கணக்கு. "என்கிட்ட படிச்ச பழைய பொண்ணு ஒருத்தி வந்தா. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், அதனால அதுதான் பேரு. காலேஜ்ல படிச்சிட்டிருந்தா. உக்காரச் சொன்னேன், உக்காரலை. 'டீச்சர், எங்க காலேஜ்ல ஒரு படம் போட்டாங்க. அதுல உங்க முதுகு வந்தது'ன்னா."

"முதுகா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். 'என்னடி முதுகு, ஊர்ல யாருக்கும் முதுகு இல்லையா?' அதுக்கு அவ சொல்றா, 'வருஷம் பூரா நாங்க எதைப் பார்த்தோம் டீச்சர்? நீங்க எங்க பக்கம் திரும்பினாத்தானே.'"

கணக்கு எழுந்து கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸை இடது கையில் எடுத்தாள். ஒரு பின்னத்தை எழுதினாள், அதற்குக் கீழே இன்னொன்று. இடது தோள் காதை நோக்கி ஏறியது. தலை வலப்பக்கம் சாய்ந்தது. கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது. முடி வெளுத்திருந்தது, இடுப்பு பருத்திருந்தது. மற்றதெல்லாம் அதே. படத்தில் சுவரில் சாக்பீஸால் அளவு எழுதும் காட்சி நான்கு இடத்தில் வரும். அதை அவர்கள் வெட்டவில்லை. அதில்தான் முகம் இல்லையே.

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியவில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கோம்."

"மறைச்சது நீ. பூசணிக்காய் நான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கணக்கு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"வந்து சொன்னவங்க பதினொரு பேர். சொல்லாதவங்க கணக்கு என்கிட்ட இல்லை. பாதிப் பேரை நான் பெயில் போட்டிருக்கேன். ஒருத்தி கூட ஆபீஸ்ல போய்ச் சொல்லலை."

"அப்புறம் என்ன? முகத்தைப் போட்டுடலாமே."

"வேண்டாம்."

கணக்கு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அவங்களா கண்டுபிடிச்சாங்கடி. இருட்டுல உக்காந்து, பக்கத்துல இருக்கறவகிட்ட கூடச் சொல்லாம, அவங்களா கண்டுபிடிச்சாங்க. நீ முகத்தைப் போட்டா அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கு? விடையைக் கடைசிப் பக்கத்துல அச்சடிக்கிற புத்தகம் எனக்கு ஆகவே ஆகாது."

"அது என் படம்."

"என் மூஞ்சி."

கத்தரி ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் கணக்கு. குரல் மாறியிருந்தது. "அந்த வாக்கியத்தை விடு."

"எதை?"

"உங்க கண்ணுக்குத் தர எனக்கு இஷ்டமில்லைன்னு ஊர் ஊரா சொல்லிட்டுத் திரியறியே, அதை. நாம பயந்தோம். வேலை போயிடும்னு நான் பயந்தேன். நான் போயிடுவேன்னு நீ பயந்தே. அவ்வளவுதானே? அன்னிக்குச் சொன்னே, சரி, என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னே. அதுக்கப்புறம் முப்பத்தாறு வருஷம் யாரைக் காப்பாத்தினே?"

கத்தரி காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"ஒட்டடைக்குச்சி அன்னிக்கு எதுக்கு வந்தா தெரியுமா? கூட ஒருத்தியைக் கூட்டிட்டு வந்திருந்தா. வாசல்ல நிக்க வெச்சிருந்தா. என்கிட்ட கேக்கறா, 'அந்த டைரக்டர் அம்மா மாதிரி தைரியம் எனக்கு இல்லை டீச்சர். தைரியம் இல்லாதவங்க என்ன பண்றது?' நான் என்ன சொல்றது? அந்த அம்மாவும் நானும் ஒன்பது நாள் பயந்துகிட்டே உக்காந்து வெட்டினோம்டின்னு சொல்லலாம். சொல்லலை. உன் பேரைக் காப்பாத்தினேன்."

"அவ என்ன ஆனா?"

"வீட்டுல பார்த்தவனைக் கட்டிக்கிட்டா. நல்லவன்தானாம். கொஞ்ச நாள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா. இப்ப வர்றதில்லை. அந்த இன்னொருத்தி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

மணி நாலே முக்கால். கணக்கு டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தாள். மேலே இருந்த துண்டை எடுத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கத்தரி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். கணக்கு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இன்னொரு துண்டு. இன்னொன்று. தோளோடு தோள் ஒட்டி நின்றால்தான் இரண்டு பேருக்கும் தெரியும். அப்படியே நின்றார்கள். வெட்டிய நாட்களில் ஒரு துண்டைக்கூட அவர்கள் படமாகப் பார்த்ததில்லை. அப்போது அதெல்லாம் ஆபத்து. தெரிகிறதா தெரியவில்லையா என்பதுதான் பேச்சு.

"எனக்கு இவ்வளவு பல்லா?" என்றாள் கணக்கு.

"இருந்தது."

"எப்பவும் கேமராவையே பார்க்காதேன்னு கத்துவே. எல்லாத்துலயும் கேமராவைத்தான் பார்க்கறேன்."

"என்னைப் பார்த்தே."

"அதான் சொல்றேன்."

வாசலில் சைக்கிள்கள் நின்றன. கணக்கு துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி வைத்து மூடினாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில், மடித்த துணிகளுக்கு அடியில் வைத்தாள். கேட்கவில்லை. கத்தரி கையை நீட்டவும் இல்லை.

"டீச்சர், யார் இவங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"என் கூட இருந்தவங்க" என்றாள் கணக்கு. "நோட்டை எடு."

ரயில் நிலையத்திலிருந்து கத்தரி காப்பகத்துப் பெண்ணுக்கு போன் செய்தாள். முகம் வேண்டாம், இருக்கிற இருபத்திரண்டு நிமிடத்தையே போடலாம் என்றாள்.

"டப்பா, அம்மா?"

"உரியவங்ககிட்ட குடுத்தாச்சு. விழா மலர் அடிக்கிறீங்களே, அதுல என் வாக்கியம் இருக்கா?"

"அட்டையிலயே இருக்கு. பெரிய எழுத்துல."

"எடுத்துடு."

"நேத்தே அச்சுக்குப் போயிடுச்சும்மா."

"அப்ப நான் மேடையில சொல்லிக்கறேன்."

திரையிடும் நாளில் கூடம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் மலர் இருந்தது. அட்டையில் அந்த வாக்கியம். அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய அவளுக்குத் தெரியவில்லை. குனிந்தே பேசினாள்.

"அட்டையில இருக்கறது நான் சொன்னதுதான். அது பொய். இந்தப் படத்துல அவங்க முகம் இருந்தது. நாலு நிமிஷம். அவங்க வேலை போயிடும்னு பயந்தாங்க. அவங்க போயிடுவாங்கன்னு நான் பயந்தேன். ரெண்டு பேரும் உக்காந்து வெட்டினோம். வெட்டின இடம் முப்பத்தொண்ணு. அந்த இடத்துலயெல்லாம் படம் கொஞ்சம் குதிக்கும். அதைக் கலைன்னு எழுதினாங்க. நான் ஆமான்னு சொன்னேன்."

முன்வரிசையில் ஒரு விமர்சகர் மலரை மூடிக் கீழே வைத்தார். யாரும் கைதட்டவில்லை. அவள் இறங்கப் போனாள். நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது இருக்கும். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நீங்க இதை அப்பவே சொல்லியிருந்தா" என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெண் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் கத்தரி.

மேடையிலிருந்து இறங்கி, முதலில் கண்ணில் பட்ட காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பகத்துப் பெண் விளக்கை அணைத்தாள்.